4 அடி 8 அங்குல எலும்பும் மாற்ற முடியாத காசோலையும்

கௌபாய் காமிக்ஸ் படித்தே வளர்ந்தவன் நான். துப்பாக்கிச் சண்டை இல்லாத ஒரு சிரிப்புக் கௌபாய் கதை எழுத வேண்டும் என்பது பல வருட ஆசை. அதற்கு ஆள் கிடைத்தார்கள்: எட்வர்ட் கோப், ஓத்னியல் மார்ஷ். 1870களில் அமெரிக்க மேற்கில் டைனோசர் எலும்புக்காக முட்டிக்கொண்ட இரண்டு விஞ்ஞானிகள். எழுதி முடிக்க மூன்று மாதம் பிடித்தது.

முதல் வரைவில் இருவரையும் சாராயக்கடையில் எலும்பால் அடித்துக்கொள்ள வைத்தேன். படித்தால் சிரிப்பே வரவில்லை. நடந்ததே போதும் என்று அப்புறம்தான் பிடிபட்டது. எலாஸ்மோசாரஸ் என்ற கடல் பிராணியின் தலையை வால் நுனியில் வைத்துப் படம் வெளியிட்டவர் கோப். தவறு தெரிந்ததும் அச்சான பிரதிகளைத் தேடித் தேடித் திரும்ப வாங்கப் பார்த்தார். 1876இல், பூர்வகுடிகளோடு நடந்த போரில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அழிந்து சில வாரங்களே ஆன நிலையில், மொன்டானாவுக்கு எலும்பு தேடப் போனார். பகலில் தோண்டிய மிருகங்கள் ராத்திரி கனவில் வந்து அவரை உதைத்தனவாம். கூட இருந்த சார்ல்ஸ் ஸ்டெர்ன்பெர்க் எழுதி வைத்திருக்கிறார். இதற்கு மேல் நான் என்ன சேர்ப்பது?

இருந்தும் கதை நகரவில்லை. இருவருமே வசதியான படிப்பாளிகள். அவர்களைப் பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வயோமிங்கின் கோமோ ரயில் நிலையத்தில் வேலை பார்த்த ரீட், கார்லின் இருவரும் அகப்பட்டார்கள். 1877இல் எலும்புகளைக் கண்டெடுத்து, ரகசியம் கசியக் கூடாதென்று ஹார்லோ, எட்வர்ட்ஸ் என்ற பெயர்களில் மார்ஷுக்குக் கடிதம் போட்டார்கள். மார்ஷ் காசோலை அனுப்பினார், அந்தப் பெயர்களுக்கே. மாற்ற முடியவில்லை.

தோள்பட்டை எலும்பு ஒன்றின் நீளம் 4 அடி 8 அங்குலம் என்று அந்தக் கடிதத்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் சாக்பீஸால் அதே அளவுக்கு வரைந்தேன். நாலாம் வகுப்பு படிக்கும் மகள் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். எலும்புதான் நீளம். “இவ்ளோ பெருசை எப்படிப்பா ஒளிச்சு வெச்சாங்க?” என்றாள். கதையின் முதல் வரி அங்கேதான் கிடைத்தது.

அடுத்து பேச்சு. ரீடைக் கொங்குத் தமிழில் பேசவிட்டேன்; வயோமிங் காணாமல் போயிற்று. கடைசியில் எந்த ஊர்ச் சாயலும் இல்லாமல், வார்த்தைகளைக் குறைத்து எழுதினேன். குளிரில் நிற்கிறவர்கள் நீளமாகப் பேச மாட்டார்கள்.

பிற்பாடு கார்லின் கோப் பக்கம் போய்விட்டார். ரீட் உள்ளே வர முடியாதபடி நிலையத்தைப் பூட்டினார். கடும் குளிரில், வெளியே பிளாட்பாரத்தில் வைத்தே ரீட் எலும்புகளைப் பெட்டிகளில் அடைக்க வேண்டியிருந்தது. சிரிப்புக் கதையில் இதை வைக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சரி, இருக்கட்டும் என்று வைத்தேன்.

மகளுக்குப் படித்துக் காட்டினேன். காசோலைக் காட்சியில் விழுந்து விழுந்து சிரித்தவள், கடைசிப் பக்கத்தில் “கதவைத் திறந்தாரா?” என்று மட்டும் கேட்டாள். கதை அந்தக் கதவோடு நிற்கிறது.