வள்ளியம்மைக்கு ஓர் உருவக ஓவியம்: டர்பன் நாட்குறிப்பு

பிப்ரவரி 22

காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையின் நினைவு நாள். மாரிட்ஸ்பர்க் சிறையில் கண்ட காய்ச்சல் விடாமல், 1914இல் இதே தேதியில் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார். வயது பதினாறு. டர்பன் மண்டபத்தில் அவருக்கு ஓர் ஓவியம் வைப்பது என்று குழு முடிவெடுத்திருக்கிறது. முகப்படம் இல்லை, சின்னங்களால் ஆளை உணர்த்தும் உருவக ஓவியம். சென்னையில் ஒருவர் எண்ணெய் வண்ணத்தில் உருவங்களை வரைவார். சுற்றியிருக்கும் தூண்களையும் வளைவையும் தஞ்சாவூர் பட்டறை செய்யும்.

பலர் கை கூடி ஒரு படம் செய்வது பழைய வழக்கம்தான். 1720களில் ஓவன் மக்ஸ்வினி என்ற அயர்லாந்துக்காரர், கடன்பட்டு லண்டனை விட்டுப் போன நாடக முதலாளி, ஆங்கிலப் பெரியவர்களுக்குக் கற்பனைக் கல்லறைகளை உருவக ஓவியங்களாக வெனிஸிலும் பொலோனியாவிலும் வரையச் சொன்னார். ஒரே படத்தில் மனித உருவம் ஒருவர் கை, கட்டடம் இன்னொருவர் கை, நிலக்காட்சி வேறொருவர் கை. நியூட்டன் கல்லறைப் படம் பித்தோனியும் வலெரியானி சகோதரர்களும் சேர்ந்து வரைந்தது. இப்போது கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒளிக்கற்றை பட்டகத்தில், அதாவது முக்கோணக் கண்ணாடியில், பட்டு நிறங்களாகப் பிரிகிறது; அது நியூட்டனின் சோதனை. அந்த ஒன்றை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். வெறும் தேவதைகளும் தாழியும் மட்டும் இருந்தால் அது யார் கல்லறையாகவும் இருக்கலாம். நம் படத்துக்கும் அப்படி ஒரு பட்டகம் வேண்டும்.

மார்ச் 14

1913இல் இதே நாளில்தான் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி செர்லின் தீர்ப்பு வந்தது: கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது. பெண்கள் போராட்டத்தில் இறங்கியதற்கு அது பெரிய காரணம். கூலி ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் (டர்பன் இருக்கும் பகுதி) தங்கிய இந்தியர்கள் மேல் 1895இல் சட்டமாகிய மூன்று பவுன் வரி இன்னொரு காரணம். ஆகவே சின்னங்கள் இரண்டே: மஞ்சள் கயிற்றில் தாலி, பக்கத்தில் மூன்று சவரன், அதாவது ஒரு பவுன் மதிப்புள்ள ஆங்கிலத் தங்க நாணயங்கள். தராசு, சிங்கம், தாமரை, அன்னம் எல்லாம் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன. சின்னம் கூடக் கூட அர்த்தம் கலங்கும்.

சவரனின் விட்டம் 22 மில்லிமீட்டர். அதை உண்மை அளவில் வரைந்தால் வாசலில் நிற்பவருக்கு என்னவென்று தெரியாது. மூன்று மடங்கு பெரிதாக்கி, படத்தின் முன்விளிம்பில் வைக்கும்படி எழுதியாயிற்று.

ஏப்ரல் 6

சுவர் அளவு. ஓவியத் துணி 210க்கு 150 செ.மீ. ஓவியர்களுக்கு எழுதும்போது பெரிய குழப்பம் வெளிச்சத்தில்தான் வரும். இந்தியாவில் வடக்கு ஜன்னல் என்றால் நிதானமான வெளிச்சம் என்று படித்திருப்பார்கள். டர்பனில் சூரியனே வடக்கில்தான். ஜூன் 21 நண்பகலில் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகை உயரம் மட்டுமே. வடக்கு ஜன்னலுக்கு நேரெதிரே தெற்குச் சுவரில் மாட்டினால் வார்னிஷ் முழுக்கப் பளபளத்து ஒன்றும் தெரியாது. மேற்குச் சுவர் தேர்வானது, காலைச் சாய்வெயிலுக்கு ஜன்னல் திரையோடு. மேற்கைப் பார்த்து நிற்பவருக்கு வடக்கு வலப்பக்கம். எனவே படத்துக்குள்ளும் வெளிச்சம் வலமிருந்து வர வேண்டும். பழக்கத்தில் கை இடப்பக்க வெளிச்சத்துக்கே போகும் என்பதால், முன்பணத்துக்கு முன்பே இரண்டு பட்டறைக்கும் ஒரே அம்புக்குறி படம் போயிற்று.

மே 19

பத்தில் ஒரு பங்கு அளவில் வண்ண வரைவு வந்தது, 21க்கு 15 செ.மீ. உருவங்கள் அருமை. கவலை பின்னணியில். சென்னை ஓவியர் தென்னையும் கரும்பும் வரைந்திருந்தார். "நேட்டால்னாலே கரும்புதானே ஐயா?" என்று கேட்டார். கரும்பு கடலோரத்தில். போராட்டத்தில் டிரான்ஸ்வால் மாகாணப் பெண்கள் நேட்டால் எல்லை தாண்டிய வோல்க்ஸ்ரஸ்ட் பக்கமும், அவர்கள் போய்ச் சேர்ந்த நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களும் உள்நாட்டு மேட்டுநிலம்: புல், பாறை, தட்டை உச்சி மலை. வெவ்வேறு பருவத்தில் எடுத்த புகைப்படங்கள் அனுப்பப்பட்டன. இந்தத் திருத்தம் வரைவில் செலவில்லை. துணியில் வந்தால் ஒரு தவணைப் பணம்.

தவணை: வரைவுக்கு 20 விழுக்காடு, கோட்டோவியம் துணிக்கு மாறியதும் 30, முடிந்ததும் 40, டர்பனில் பிரித்துப் பார்த்தபின் 10.

ஜூலை 27

தஞ்சாவூர் பாணிப் புடைப்பு மக்கு வேலையைத் துணியில் செய்யக் கூடாது, சுருட்டினால் வெடிக்கும். அதனால்தான் தூணும் வளைவும் 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) தனித்துண்டுகள். பலகைமேல் காடாத்துணி ஒட்டி, சாக்பவுடரும் கோந்தும் குழைத்த மக்கை எழுப்பி, அதன்மேல் 22 காரட் தங்கரேக்கு. கோந்து கூடினால் காய்ந்ததும் விரிசல், குறைந்தால் பொடி உதிரும். டர்பன் கடற்காற்றுக்கு இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது: பலகையின் பின்புறத்துக்கும் வார்னிஷ். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளையும். துணிச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி.

பெயர்ப்பட்டை: வள்ளியம்மை 1898–1914. எழுத்து 6 செ.மீ. உயரம். மக்கில் எழும்பும்போது 'ள்', 'ம்' இரண்டின் புள்ளியும் தனி முத்தாக நிற்கும். பயணத்தில் முதலில் உதிர்வது அதுதான். புள்ளியை மேற்கோட்டோடு சிறு தண்டால் இணைக்கச் சொல்லியிருக்கிறோம்.

அக்டோபர் 12

துணி முடிந்தது. எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாது என்பதால் காய்ந்துவிட்டதாக எண்ணக் கூடாது. இறுதி வார்னிஷ் குறைந்தது ஆறு மாதம் கழித்து, டர்பனில். சுருட்டும்போது வண்ணம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணப்படலம் நசுங்கி மடிப்பு விழும். பிறகு விரிக்கும்போது அங்கேதான் பெயரும். குழாய் விட்டம் 20 செ.மீ.க்குக் குறையாமல், மேலே வண்ணத்தில் ஒட்டாத சிலிக்கோன் தாள்.

நவம்பர் 8

பெட்டி. சாதாரண மரப்பலகையில் அடித்தால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதற்கான சர்வதேச முத்திரை) கட்டாயம்; சூட்டு முறையில் என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாகியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டி துறைமுகத்திலேயே நின்றுவிடும். முழுக்கப் பிளைவுட்டில் செய்தால் அந்தத் தொல்லை இல்லை. தஞ்சாவூர் வேலை பார்க்கப் பழசாகத் தெரியும் என்பதால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறைச் சான்றும் முன்கூட்டியே வாங்கச் சொல்லியாயிற்று.

இங்கே இறக்குமதிக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) 15 விழுக்காடு, ஆனால் விலைமேல் அல்ல. சுங்க மதிப்போடு பத்து விழுக்காடு கூட்டிய தொகைமேல். ஒரு லட்சம் ராண்ட் படத்துக்கு 16,500 தனியாக எடுத்து வைக்க வேண்டும், சுங்கவரி இருந்தால் அதையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். நன்கொடை திரட்டும் குழுக்கள் இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

டிசம்பர் 17

பிரித்தாயிற்று. வெளிச்சம் வலமிருந்து, மேட்டுநிலம் சரி, மூன்று சவரனும் வாசலிலிருந்தே தெரிகின்றன. வளைவின் இடக்கோடியில் அரை அங்குல மக்கு பெயர்ந்திருக்கிறது. பட்டறை பெட்டிக்குள்ளேயே ஒரு பொட்டலம் சாக்பவுடரும் கோந்தும் நான்கு தாள் தங்கரேக்கும் வைத்திருந்தது. ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிடுவது நல்லது. வேறு ரேக்கு வாங்கி ஒட்டினால் நிறம் சேராது.