நலங்கு மாவு, நான்காவது தடவை: விஷயம் சல்லடையில் இருந்தது

நேற்று ராத்திரி முகத்துக்குப் போட்டுக் கழுவினேன். காலையில் வெளிச்சத்தில் பார்த்தேன், கன்னத்தில் ஒரு சிவப்புக்கோடு கூட இல்லை. மூக்கு ஓரத்தில் எப்போதும் சொரசொரவென்று இருக்கும் இடம் வழவழவென்று இருக்கிறது. ஒரு வருஷமாக மூன்று தடவை அரைத்து, மூன்றும் ஏதாவது ஒரு விதத்தில் கெட்டுப்போய், நான்காவதில் வந்திருக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அளவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். முழுப் பாசிப்பயறு 1 கிலோ, கஸ்தூரி மஞ்சள் 100 கிராம், பூலாங்கிழங்கு 100, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, பன்னீர் ரோஜா இதழ், ஆரஞ்சுத் தோல் தலா 50. மொத்தம் 1 கிலோ 400. கிழங்குகளை உரலில் ஒன்றிரண்டாக இடித்துத்தான் மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கார்போக அரிசியை மட்டும் நான் சேர்ப்பதில்லை. அதில் இருக்கும் சோராலென் என்ற வேதிப்பொருள், வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும். வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயிலில் காட்டுவதே அந்தக் குணத்துக்காகத்தான், அளவு தப்பினால் கொப்புளம். தினமும் குளித்துவிட்டு மதுரை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதை மாவில் போட்டுக்கொள்ளவே கூடாது.

முதல் தடவை மிக்ஸியில் அரைத்தேன். பாதி தூசி, பாதி குருணை. முழங்கையில் தேய்த்தால் கோடு கோடாகச் சிவந்தது. இரண்டாம் தடவை மில்லில் மசாலா மிஷினிலேயே ஓட்டிவிட்டார்கள், முன்னால் யாருக்கோ மிளகாய்த்தூள் அரைத்திருக்கிறார்கள். கழுத்தெல்லாம் எரிச்சல், ஒரு கிலோ மாவும் வீண். அதிலிருந்து சீயக்காய் மிஷின் தனியாக இருக்கிற மில்லுக்குத்தான் போகிறேன், அதுவும் நமக்கு முன்னால் ஒருவர் சீயக்காய் அரைத்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து. மூன்றாம் தடவை, அம்மா பழைய வேட்டித் துணியில் சலிக்கச் சொன்னார். சித்த வைத்தியத்தில் வஸ்திரகாயம் என்று சொல்வார்களே, அதுதான். சலித்தேன். பவுடர் மாதிரி அழகாக வந்தது. ஆனால் தண்ணீர் பட்டதும் பசையாகி முகத்தில் ஒட்டிக்கொண்டது. தேய்த்தால் வழுக்கியதே தவிர, இறந்த தோல் ஒன்றும் வரவில்லை. சூரணத்துக்கு அந்த நைஸ் வேண்டும், உள்ளுக்குச் சாப்பிடுவது. தேய்ப்பதற்கு அவ்வளவு நைஸ் ஆகாது என்று அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் சல்லடை நினைப்பாகவே இருந்தேன். வீட்டு மாவுச் சல்லடையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதன்மேல் ஸ்கேல் வைத்து, போனில் படமெடுத்துப் பெரிதாக்கி ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்று எண்ணினேன். 38, இன்னொரு இடத்தில் 41. ஓர் அங்குலத்தில் இருக்கும் கண்களின் எண்ணிக்கைதான் மெஷ். நம் வீட்டுச் சல்லடை கிட்டத்தட்ட 40 மெஷ், அதில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான துகள் வரைக்கும் இறங்கிவிடும். பொடி உப்பே அதைவிடச் சின்னது. அப்படியிருக்க, முகத்தைக் கீறாமல் என்ன செய்யும்? 60 மெஷ்ஷில் கால் மில்லிமீட்டர். 100 மெஷ்ஷில் அதிலும் பாதியைவிடக் கொஞ்சம் கூட, 0.15 மில்லிமீட்டர். எனக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற துகள் என்று முடிவு பண்ணினேன்.

வலை விற்கிற ஹார்டுவேர் கடையில் எவர்சில்வர் வலையை அடிக்கணக்கில் வெட்டித் தருகிறார்கள். 60இல் ஒரு துண்டு, 100இல் ஒரு துண்டு. கடைக்கார அண்ணன், "எதுக்குக்கா, பெயின்ட் வடிகட்டவா?" என்று கேட்டார். நலங்கு மாவுக்கு என்றதும், சுருளின் வெளிச்சுற்றில் தூசி ஏறியிருக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டு உள்ளிருந்து வெட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷன். வலை கிழிந்துபோன பழைய சல்லடை வளையம் இரண்டு பரணில் கிடந்தன. அதில் இழுத்துக் கட்டி, மெல்லிய கம்பியால் சுற்றி முறுக்கி, ஓரத்தை மடித்துத் துணி வைத்துத் தைத்தேன். துணி தைக்காமல் விட்டால் வலையின் நுனி விரலைக் கிழிக்கும். சலிக்க ஆரம்பிக்கும் முன் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு தடவை கழுவிக் காயவைத்தேன், புது வலையில் எண்ணெய்ப் பூச்சு இருக்கிறது.

அடுத்த தலைவலி, 100 மெஷ் ஐந்து நிமிஷத்தில் அடைத்துக்கொள்கிறது. தட்டினால் கொஞ்சம் விடும், மறுபடி அடைக்கும். தோள் கழன்று போனது. பிறகு ஏழெட்டுப் புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்துச் சல்லடைக்குள் போட்டுச் சுற்றினேன். கொட்டைகள் உருண்டு உருண்டு அடைப்பை உடைத்துக்கொண்டே போகின்றன, மாவு சோவென்று இறங்குகிறது. இதற்கு முன் ஐந்து ரூபாய்க் காசு போட்டுப் பார்த்தேன், அது வலையைத் தேய்த்துக் கருப்பாக்குகிறது, வேண்டாம். ஃபேனை நிறுத்தி, வாயில் துணி கட்டிக்கொண்டு உட்காருங்கள். மஞ்சள் தூசி மூக்கில் ஏறினால் அன்றைக்கு முழுக்கத் தும்மல்தான்.

மில்லிலிருந்து வந்தது 1 கிலோ 320. 60இல் நின்ற கப்பி 170 கிராம். 60இல் இறங்கி 100இல் நின்ற நடு மாவு 430. 100லும் இறங்கியது 700. மீதி இருபது கிராம் காற்றோடு போனது. கப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பயற்றின் பச்சைத் தோல், தட்டையாக, நகம் வெட்டிய துண்டு மாதிரி ஓரம் கூராக. இத்தனை நாள் கன்னத்தைக் கீறியது கிழங்குதான் என்று நினைத்து அதன் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். தப்பு, இந்தத் தோல்தான். அடுத்த தடவை தோல் நீக்கிய பாசிப்பருப்பில் அரைத்து, கப்பி எவ்வளவு குறைகிறது என்று எடைபோட்டுப் பார்க்கப் போகிறேன்.

வெட்டிவேர் சேர்க்கிறவர்களுக்கு ஒன்று. இரண்டாம் தடவை 50 கிராம் போட்டு அரைத்தேன். அது மாவாகாது, நாராகிப் பஞ்சு மாதிரி வரும். அதிலும் சின்ன நார்கள் சல்லடையில் செங்குத்தாக நின்று, நீளவாக்கில் கண்ணுக்குள் நுழைந்து கீழே இறங்கிவிடும். நீளம் இரண்டு மில்லிமீட்டர் இருந்தாலும் மெல்லிசாக இருப்பதால் 60 மெஷ் அதை நிறுத்தாது. முகத்தில் ஊசி மாதிரி குத்தும். இப்போது அரைப்பதே இல்லை. ஒரு கைப்பிடி வேரை முந்தின ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்து அந்தத் தண்ணீரில் மாவைக் குழைக்கிறேன். வாசனைக்கு வாசனை, குத்தலும் இல்லை.

குழைத்ததும் தேய்க்கக் கூடாது, இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஐந்து நிமிஷம் அப்படியே விடுங்கள். பயற்றுத் துகள் தண்ணீர் குடித்து ஊறி ஓரம் மழுங்கும். கடையில் விற்ற ஸ்க்ரப்பில் முன்பு பிளாஸ்டிக் மணி போட்டார்கள், உருண்டையாக இருப்பதால் கீறாது என்று. அது சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகிறது என்று அமெரிக்காவில் 2015இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சில ஸ்க்ரப்பில் போடுகிற வால்நட் ஓட்டுத்தூள் எவ்வளவு ஊறினாலும் மழுங்காது, அது மரக்கட்டை மாதிரி. நம் பயறு ஊறும், மெத்தென்று ஆகும், கழுவினால் கரைந்து போகும். இதைவிட நல்ல பொருள் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. எலுமிச்சைச் சாறு மட்டும் விடாதீர்கள். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கருந்திட்டு விழும், அது போக மாதக்கணக்கு ஆகும். வறண்ட தோலுக்குப் பால், எண்ணெய் வழிகிற தோலுக்குத் தயிர், எனக்கு அரிசி கழுவிய தண்ணீர். என் மகளுக்குப் பழுத்த பரு இருக்கிறது, அவளைத் தேய்க்க விடவில்லை. 100 மெஷ்ஷில் இறங்கிய நைஸ் மாவைக் குழைத்துப் பூசிக் கழுவுகிறாள், அவ்வளவுதான்.

சாமான் எல்லாம் கீழமாசி வீதியில்தான் வாங்கினேன். கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போது ஒரு கிழங்கை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெளிறிய நிறமும், மூக்கருகில் வைத்தால் கற்பூர வாடையும் இருக்க வேண்டும். பளிச்சென்று மஞ்சளாக, வாசனையே இல்லாமல் இருந்தால் அது வேறு கிழங்கு. ரோஜா மட்டும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில், சாயங்காலம் போனால் உதிரி மலிவாகக் கிடைக்கும். நிழலில் காயவையுங்கள். ஆரஞ்சுத் தோலின் உள்பக்க வெள்ளையைச் சுரண்டிவிட்டுச் சித்திரை வெயிலில் ஐந்து நாள் போட்டேன். ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் மில் சூட்டில் எண்ணெய் கக்கி, மாவு கட்டி கட்டியாக வரும், மூன்றாம் தடவை பட்டுவிட்டேன்.

மில்லிலிருந்து வந்த மாவு கை வைக்க முடியாத சூடு. வெள்ளைத் துணியில் பரப்பி ராத்திரி முழுக்க ஆறவிட்டுத்தான் சலித்தேன், டப்பாவில் அடைத்தேன். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, ஒரு வாரத்தில் முக்கல் வாடை வந்துவிடும்.

ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். நலங்குக்கு மூன்று கிலோ நீதான் தர வேண்டும் என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டாள். 430 கிராம் எடுக்கவே ஒரு மதியம் முழுக்கப் போனது, மூன்று கிலோவுக்குப் பெரிய வளையம் வேண்டும். தகரக்கடையில் 18 அங்குல வளையம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இந்த நடு மாவை வாரம் இரண்டு தடவை என்று ஒரு மாதம் என் முகத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டும், ஒரு ராத்திரியை வைத்துக் கல்யாணப்பெண்ணுக்குக் கொடுக்க மாட்டேன். கப்பி 170 கிராமைக் கொட்டவில்லை. நல்லெண்ணெயில் குழைத்துக் குதிகால் வெடிப்பைச் சுற்றித் தேய்க்க வைத்திருக்கிறேன், இன்று ராத்திரி அதைப் பார்க்க வேண்டும்.