சமையல்காரர் தர வேண்டிய நாலு ரூபாய்

தங்கை கல்யாணச் செலவுக் கணக்கு முழுக்க மாமா கையில். ராத்திரியானால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார், கூட்டிச் சொல்வது என் வேலை. கால்குலேட்டரில் தட்டினால் போதும். ஆனால் நான் பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தவன் ஆயிற்றே! வரியில் உள்ள பெயரை வெட்டிவிட்டு, மீதியை பைத்தானின் எவால் (eval) என்ற கட்டளையிடம் கொடுத்தேன். எழுத்தாகக் கிடக்கும் கணக்கை அது போட்டு விடை சொல்லிவிடும்.

முதல் நாள் "காய்கறி 40*25+300". 1300 வந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மறுநாள் சமையல்காரர் வரிக்கு வந்த விடை: -4.0.

"மாமா, சமையல்காரர் நமக்கு நாலு ரூபாய் தரணுமாம்."

"அட்வான்ஸ் கொடுத்ததே நான்தான்டா!"

அவர் அனுப்பியிருந்தது 12000/-+3000. செக் எழுதிப் பழகிய கை, தொகைக்குப் பின்னால் /- போடாமல் ஓயாது. பைத்தானுக்கு அந்தச் சாய்கோடு வகுத்தல், சின்னக் கோடு மைனஸ், அதற்கடுத்த கூட்டல் குறி வெறும் அலங்காரம். பன்னிரண்டாயிரத்தை மைனஸ் மூவாயிரத்தால் வகுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. பிழை என்று கத்தியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அப்புறம் மண்டபம். 1,50,000+25000 என்று மாமா போட்டதற்கு (1, 50, 25000) என்று மூன்று துண்டாகப் பதில். கமாவைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டிவிட்டது.

மாலைக்கு 08*150. முன்னால் பூஜ்யம் கூடாது என்று அடம். இதாவது பரவாயில்லை. பழைய பைத்தான் 2-இல் 010 என்றால் எட்டு; முன்பூஜ்யம் கண்டால் எட்டடிமான எண் என்று எடுத்துக்கொள்ளும். கணினிக்குக் கட்டளை அடிக்கும் பாஷ் ஷெல்லில் இன்றும் அப்படித்தான். பத்து மாலை வாங்கிக்கொண்டு எட்டுக்குக் காசு கொடுத்தால் பூக்காரம்மா விடுவாரா?

ஆபீஸ் நண்பரிடம் புலம்பினேன். அவர் கணக்கை விட்டுவிட்டார். "எவாலா? கோப்பை அழிக்கும் கட்டளையை யாராவது எழுதி அனுப்பினால் அதையும் ஓட்டிவிடுமே!" மாமா அப்படி எழுதக்கூடியவர் இல்லை. ஆனால் /- போட்டே இவ்வளவு செய்தவர். எவாலைத் தூக்கிவிட்டு, வரியை ஓட்டாமல் உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டும் பைத்தானின் ஏஎஸ்டி (ast) தொகுதியால் பிரித்து, எண்களும் நாலு குறிகளும் அடைப்புக்குறியும் தவிர வேறு எது வந்தாலும் மறுக்கும்படி எழுதினேன். கமா, /-, முன்பூஜ்யம் எல்லாவற்றையும் முன்கூட்டியே துடைத்தேன். ஒரு சனிக்கிழமை போயிற்று.

அன்று ராத்திரி மாமாவிடமிருந்து:

"மேளம்: பெரியவன் கல்யாணத்துக்குக் கொடுத்ததில் பாதி. மொத்தம் எவ்வளவு மாப்ள?"