பினாங்கு நாட்குறிப்பு: 2025 பிப்ரவரி, மார்ச்

5 பிப்ரவரி, புதன்

சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள். நள்ளிரவு தாண்டினால் ஹொக்கியன் சீன மக்களுக்கு 'பாய் தீ கோங்', விண்ணரசரின் பிறந்தநாள். பக்கத்து வீட்டுப் பாட்டி, "தம்பி, வந்து கட்டிக் கொடு" என்று கூப்பிட்டார். தோகையோடு இரண்டு முழுக் கரும்பு; பூசை மேசையின் இரு பக்கமும் நிறுத்திச் சிவப்புத் தாள் சுற்றிக் கட்டினேன். படைவீரர்களுக்குப் பயந்து ஓடிய அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார்களாம். வெளியே வந்தது இந்த நாளில். போன மாதம் எங்கள் வாசலில் பொங்கல் கரும்பு நின்றபோது பாட்டிதான் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

10 பிப்ரவரி, திங்கள்

நாளை தைப்பூசம். விடியும் முன்னே தெருவில் கூட்டம். பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதம், இரண்டும் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு. வெள்ளி ரதம் 1894-இல் வந்தது. தங்க ரதம் 2017 முதல் ஓடுகிறது.

தேங்காய்க் குவியல் ஒன்றின் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். ஒரு சீனக் குடும்பம். அப்பா ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே பிடித்துக் கும்பிட்டார்; பிறகு மகன்கள் கைக்கு ஒன்றாக எடுத்துத் தார்ச் சாலையில் ஓங்கி அடித்தார்கள். இளநீர் சாக்கடை வரை ஓடியது. ரதம் நெருங்கியதும் அந்த அப்பா செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசியில் ஓடுகளை மண்வாரியால் வாரி லாரியில் ஏற்றினார்கள்.

12 பிப்ரவரி, புதன்

நேற்று தைப்பூசம், இன்று சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே. இரண்டுக்கும் ஒரே பௌர்ணமி. கடற்கரையில் பெண்கள் நல்ல துணை வேண்டிக் கடலில் ஆரஞ்சுப் பழம் வீசினார்கள்.

2 மார்ச், ஞாயிறு

நோன்பு தொடங்கிவிட்டது. மாலையில் கப்பித்தான் கெளிங் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கப் போனேன். தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொய்தீன் 1801-இல் நிறுவிய பள்ளிவாசல். அதே வீதியில் குவான் யின் கோயில், 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். ஒரு திருப்பத்தில் 1833-இன் மாரியம்மன் கோயில். சுற்றுலாக்காரர்கள் நான்கையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் இந்தக் கஞ்சி வரிசையில் வந்து நிற்க வேண்டும் என்பது என் ஆசை. எனக்கு முன்னால் ஒரு சீனப் பெண்மணி, பின்னால் நெற்றியில் விபூதியோடு ஒரு தாத்தா. கஞ்சி ஊற்றியவர் பாத்திரத்தை மட்டும்தான் பார்த்தார்.

27 மார்ச், வியாழன்

மனசு சரியில்லை. கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் 130 ஆண்டு பழைய தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் சுமார் 50 மீட்டர் தள்ளிப் போகிறது. கோயில் நின்ற நிலம் 2014-இலேயே தனியாருக்கு விற்கப்பட்டுவிட்டது. அங்கே எழப்போகும் பள்ளிவாசலுக்கு இன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். மாற்று இடம் கிடைத்தது, கைகலப்பு இல்லை, அதுவரை நிம்மதி. ஆனால் நிலத்தை விற்றபோதே கோயிலுக்கு ஒரு வழி பண்ணியிருக்க வேண்டும்.

1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1970-இல் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு வந்தது. இறை நம்பிக்கை அதன் முதல் நெறி. பள்ளியில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னோம். 2020 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் 63.5 விழுக்காடு, பௌத்தர் 18.7, கிறிஸ்தவர் 9.1, இந்துக்கள் 6.1. சிறிய எண்ணில் இருப்பவருக்குச் சட்டம்தான் துணை. அந்தச் சட்டமும் சில வேளை வாசலோடு நின்றுவிடுகிறது. தாய்க்குத் தெரியாமல் தந்தை பிள்ளைகளை இஸ்லாத்துக்கு மாற்றியது செல்லாது என்று, இந்திரா காந்தி என்ற மலேசிய இந்துத் தாயின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. 2009-இல் கைக்குழந்தையாகப் பிரிக்கப்பட்ட மகள் இன்னும் அந்தத் தாயிடம் வரவில்லை. உணவையும் உடையையும் வைத்து ஒற்றுமை பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

31 மார்ச், திங்கள்

நோன்புப் பெருநாள். அலுவலகத் தோழி வீட்டில் லெமாங் என்ற மூங்கில் சோறு, ரெண்டாங் என்ற மசாலா இறைச்சி. மாட்டிறைச்சி தொடாத எங்களுக்காகக் கோழி ரெண்டாங் தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு. கோயில் பேச்சை நான் எடுக்கவில்லை. அவருடைய அம்மாதான் எடுத்தார். "அவங்க சாமி நம்மளுக்கு முன்னாடி அங்க இருந்துச்சே" என்றார் மலாயில். அறையில் எல்லாருக்கும் கேட்டது. மாப்பிள்ளை ஒருவர் சட்ட நுணுக்கம் சொல்ல ஆரம்பித்தார். அம்மா விடவில்லை, அரை மணி நேரம் வாதாடினார்.

அக்டோபர் 20 தீபாவளிக்கு அந்த அம்மாவையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.