சத்துவாச்சாரியில் ஒரு சுவரோவியம்: புகையை யார் கையில் வரைவது?

வேலூர் சத்துவாச்சாரியில், எங்கள் குடியிருப்பை ஒட்டிய நாற்பதடி நீளச் சுற்றுச்சுவர் ஒன்றில், தூய காற்றைப் பற்றிய ஓவியத்தைத் தெருவாசிகளாகிய நாங்களே திட்டமிட்டு வரைந்து முடித்திருக்கிறோம். சுவரில் வண்ணம் பூசுவதுதான் கடினம் என்று தொடக்கத்தில் எண்ணினோம். உண்மையில் எங்களுடைய காலத்தின் பெரும்பகுதி, எதை வரைவது என்று பேசி ஒரு முடிவுக்கு வருவதிலேயே கழிந்தது. இதே வேலையில் இறங்க நினைக்கும் பிற தெருக்காரர்களுக்கு உதவும் என்பதால், நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அனுமதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவர் ஓர் அலுவலகத்துக்கும் அதன் முன்னால் உள்ள நடைபாதை இன்னோர் அலுவலகத்துக்கும் சொந்தமானவை. இருவருமே மற்றவரிடம் முதலில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். வண்ணத்தில் வரைந்த மாதிரிப் படத்தையும் குடியிருப்போரின் கையொப்பங்களையும் இணைத்து, ஒரே மனுவின் நகலை இரு இடத்திலும் ஒரே நாளில் கொடுத்துப் பதிவெண் வாங்கிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. நன்கொடையாளர் பெயரோ விளம்பரமோ கூடாது, கட்சி அடையாளம் எதுவும் தென்படக்கூடாது என்பவை நிபந்தனைகள். இரண்டாவது நிபந்தனை சம்பிரதாயமானது என்று நினைத்துக் கடந்துவிட்டோம். ஆனால் எரியும் குப்பையின் சிவப்புத் தீக்கு மேலே கறுப்புப் புகையை வைத்திருந்த எங்கள் மாதிரிப் படம் தொலைவிலிருந்து பார்த்தால் கொடியைப் போல இருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டியதும், புகையைச் சாம்பல் கலந்த நீலமாக மாற்றினோம். தமிழ்நாட்டுச் சுவர்களில் அரசியல் சாயாத நிறச் சேர்க்கையைத் தேடிக் கண்டுபிடிப்பது தனிக் கலை. ஈரச் சருகு புகையும்போது எழும் நிறம் ஏறக்குறைய அதுதான் என்பதால் ஓவியத்துக்கு அது நன்மையாகவே முடிந்தது.

முதல் கூட்டத்துக்குப் பிள்ளைகள் கொண்டுவந்த படங்களில் முகக்கவசம் அணிந்த பூமி உருண்டையும், பாதி பச்சையாகவும் பாதி கறுப்பாகவும் பிரிந்த நுரையீரலும், புகை கக்கும் ஆலைகளும் இருந்தன. எல்லாம் நேர்த்தியானவை, ஆனால் எந்த ஊரில் வேண்டுமானாலும் மாட்டி வைக்கக்கூடியவை. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, தெய்வமில்லாத கோயில் என்று நம் ஊரைப் பற்றி அடுக்கிக்கொண்டே போகும் வசனத்தை அப்போது ஒரு பெரியவர் எடுத்துவிட்டார். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981இல் மீண்டும் எழுந்தருளியதால் அந்த அடுக்கில் ஒன்று பொய்யாகிவிட்டது என்றும், மலையை மட்டும் ஏன் பச்சையாக வரைந்து ஏமாற்ற வேண்டும் என்றும் அவர் கேட்டார். காற்று மாசைத் தடுக்கும் சட்டம் நாட்டில் இயற்றப்பட்டதும் அதே 1981இல்தான் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. வாக்குவாதத்தின் சூட்டில் அதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. மலையைப் பாறையும் முள்செடியுமாக, இன்று இருக்கிறபடியே வரைவது என்று பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டனர்.

கடினமான கூட்டம் அதற்கு அடுத்தது. தெருமுனையில் குப்பை எரிவதுதான் எங்களை நாள்தோறும் தொடும் புகை என்பதால் ஓவியத்தின் நடுப்பகுதியை அதற்கு ஒதுக்கியிருந்தோம். மாணவி ஒருத்தி வரைந்த படத்தில், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் குப்பைக் குவியலுக்குத் தீ வைக்கும் தூய்மைப் பணியாளர் ஒருவர் இருந்தார். கூட்டத்துக்கு வந்திருந்த பணியாளர்களில் மூத்த பெண்மணி அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கொளுத்துறவங்கள வரைஞ்சிட்டீங்க டீச்சர், எல்லாத்தையும் கலந்து கொட்டுறவங்கள எங்க காணோம்?" என்றார். சமையல் கழிவு, பால் கவர், குழந்தையின் டயப்பர், உடைந்த குழல்விளக்கு எல்லாம் ஒரே பையில் முடிச்சுப் போட்டு வந்தால் அதை யார் பிரிப்பது என்றும், சருகுகளை அள்ள வண்டி வராத நாளில் என்ன செய்வது என்றும் அவர் கேட்ட கேள்விகளுக்கு எங்களில் ஒருவரிடமும் விடை இல்லை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் திறந்தவெளியில் குப்பையை எரிப்பதைத் தடுத்தன. கழிவை உண்டாக்குபவரே மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்பதையும் அதே விதிகள்தாம் கூறின. முதல் பாதி எங்கள் அனைவருக்கும் மனப்பாடம்.

ஆகவே படம் மாறியது. இப்போது சுவரின் இடக்கோடியில் ஒரு வீட்டுக் கதவும், அதிலிருந்து நீளும் வளையலணிந்த கையும், கைக்கடிகாரம் கட்டிய இன்னொரு கையும், முடிச்சிட்ட ஒரு பையும் இருக்கின்றன. புகை அந்த முடிச்சிலிருந்தே தொடங்கித் தெரு நீளத்துக்கும் படர்கிறது. வீட்டுக்காரர்களைக் குற்றவாளிகளாக்குவதா என்று இரண்டு குடும்பங்கள் கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அவர்களுக்காகப் படத்தை மென்மையாக்க வேண்டும் என்ற யோசனை வந்தபோது நான் அதை எதிர்த்தேன். தொலைவிலுள்ள ஆலையின் புகையை மட்டும் வரைந்துவிட்டு நம் வாசலை விட்டுவிட்டால் அந்தச் சுவரால் யாருக்குப் பயன்?

புகை தரையோடு கிடப்பதாக வரைந்ததற்கும் காரணம் உண்டு. மார்கழி, தை மாத அதிகாலைகளில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருப்பதால், அடியிலுள்ள புகை மூடி போட்ட பாத்திரத்தில் அடைபட்டதுபோல் மேலெழ முடியாமல் தேங்குகிறது. போகிப் பண்டிகையன்று பழைய பாயும் டயரும் எரிவது சரியாக இந்தப் பருவத்தில்தான். நுண்துகள் அளவுகளையும் எழுத வேண்டும் என்று ஒரு கல்லூரி மாணவர் விரும்பினார். பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்களுக்கு இந்தியத் தரநிலை 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது; உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ 15 என்கிறது. எந்த எண்ணை எழுதுவது என்ற விவாதம் முடிவதாகத் தெரியவில்லை. மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்களை நாள்தோறும் ஏற்றிச் செல்லும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்தான் அதை முடித்து வைத்தார்: எழுத்தே இல்லாமல் புரிந்தால்தானே அவர்களுக்கும் புரியும் என்றார். எனவே எண்களை விட்டுவிட்டு, காற்றுத் தரக் குறியீட்டின் ஆறு நிறங்களை மட்டும், பச்சையில் தொடங்கிக் கருஞ்சிவப்பில் முடியும் வானமாகத் தீட்டினோம்.

இனி பூச்சு வேலை. பழைய வண்ணத்தை உலரச் சுரண்டினால் தூசி பறக்கும், அதில் ஈயமும் இருக்கக்கூடும் என்பதால், தண்ணீர் தெளித்து நனைத்தபடியே சுரண்டி, கீழே தார்ப்பாய் விரித்துச் சேகரித்தோம். ஓவியர் பளபளப்புக்காக எனாமல் வேண்டும் என்றார். சிமெண்டுப் பூச்சிலுள்ள காரம் எண்ணெய் சார்ந்த வண்ணத்தைச் சிதைத்து உரியச் செய்துவிடும், டர்பன்டைன் ஆவியும் காற்றில்தான் கலக்கும் என்று பேசி, நீர் சார்ந்த எக்ஸ்டீரியர் எமல்ஷனுக்கு அவரைச் சம்மதிக்க வைத்தோம். ஈயத்தின் அளவு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்புக்குள் இருப்பதாக டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்கினோம். காற்றையே சுத்திகரிக்கும் பெயிண்ட் என்று ஒரு கடையில் காட்டியதை விட்டுவிட்டோம். அத்தகைய பூச்சிலுள்ள டைட்டானியம் டைஆக்சைடு வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளை ஓரளவு சிதைக்குமே தவிர, எங்கள் தெருவுக்குச் சிக்கலாக இருக்கும் புகைத் துகள்களை நீக்க அதனால் பயனில்லை.

உப்பு பூத்திருந்த அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகு கட்டம் போட்டோம். நீலப்பொடி தோய்த்த நூலை இருவர் இரு முனையிலும் இழுத்துப் பிடிக்க, ஒருவர் நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேர்க்கோடு விழுந்துவிடும். தாளில் ஓர் அங்குலம் சுவரில் ஓர் அடி என்ற கணக்கில், ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தோம். வேலூர் வெயிலில் பகல் பதினோரு மணிக்கு மேல் எமல்ஷன் தூரிகையிலேயே காய்ந்து இழுபடுகிறது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

ஓவியம் முடிந்த பிறகும் தெருமுனைக் குவியல் அடியோடு மறையவில்லை. பிரித்துக் கொடுக்கும் வீடுகள் கூடியிருக்கின்றன. சருகு குவிவது மட்டும் நின்றபாடில்லை. பணியாளர்கள் கேட்டுக்கொண்டபடி சுவருக்குப் பின்னால் சருகுக் குழி ஒன்று வெட்டியிருக்கிறோம். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கி நாற்றமடிப்பதால், அடுத்த கூட்டத்தில் குழியைச் சுற்றிக் கரை எழுப்புவதற்கான செங்கல்லுக்கு வசூல் செய்ய இருக்கிறோம். கையொப்பத்தைத் திரும்பப் பெற்ற குடும்பங்களில் ஒன்று அதற்குப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. படத்தைப் பற்றிய அவர்களுடைய கருத்தில் மாற்றமில்லை.