மயில்கழுத்துக் கலர் புடவை

அக்டோபர் 20, 2025, திங்கள், தீபாவளி

காலையில அஞ்சரைக்கே எண்ணெய் தேச்சுக் குளிச்சு, கோலாலம்பூர் செந்தூல்ல அம்மா வீட்ல இட்லியும் ஆட்டுக்கறியும் சாப்ட்டு, பத்து மணிக்கெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸ் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டேன். எங்கடா போறேன்னு அம்மா கேக்கல, போன வருஷமும் கேக்கல, ஆனா இந்தத் தடவ செருப்புப் போடும்போது ஒரு டப்பா நிறைய முறுக்கு கொண்டாந்து கையில குடுத்து "அங்க பெரியவங்க யாராச்சும் இருந்தா குடு"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. எனக்கு அது போதும்.

பெரியம்மாவுக்கு 71 வயசு. திருநங்கை. ரத்த சொந்தம் இல்ல, நாங்க அப்படிக் கூப்பிடுறோம். நாப்பது வருஷமா பூ கட்டுறவங்க, கல்யாண மாலை, கோயில் மாலை, எழவு மாலை எல்லாமே அவங்க கையிலதான். இங்க நான் யாரோட பேரையும் போடப் போறதில்ல, நம்ம ஆளுங்க நிலைமை தெரிஞ்சவங்களுக்கு ஏன்னு புரியும்.

வீட்டுல எட்டு பேரு இருந்தோம். பலகாரம் சாப்ட்டு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே பெரியம்மா போன வருஷம் போய்ச் சேந்த அக்காவப் பத்தி ஆரம்பிச்சாங்க. அந்த அக்காவ இருவது வருஷமா வந்து பாக்காத சொந்தக்காரங்க, செத்ததும் எஸ்டேட் தோட்டத்துலேர்ந்து வேன் போட்டுக்கிட்டு வந்தாங்க. ஆஸ்பத்திரியில அவங்கதான் வாரிசு, அவங்க கையெழுத்துதான் செல்லும். நீளமான முடிய வெட்டி, வேட்டி சட்டை போட்டுப் பொட்டியில வச்சாங்க. கடைசி ரெண்டு வருஷம் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போனது, கஞ்சி வச்சுக் குடுத்தது எல்லாம் எங்காளுங்க, ஆனா நாங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னோம். பெரியம்மா கட்டிக் கொண்டு போன மாலைய வாங்கிக்கிட்டாங்களாம், ஆனா அதுல தொங்கவிட்டிருந்த அட்டையில அக்கா பேரக் கிழிச்சிட்டு ஐசி (அடையாள அட்டை) பேர எழுதிட்டாங்களாம்.

"என்னைய அப்படி எடுக்கக் கூடாது. அலமாரியில மயில்கழுத்துக் கலர்ல ஒரு பட்டுப்புடவ இருக்கு. அதுலதான் எடுக்கணும். யாரு எடுப்பீங்க?"ன்னு கேட்டாங்க.

நான் எடுப்பேன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறந்தான் எப்படின்னு யோசிச்சேன், தூக்கம் வரல.

அக்டோபர் 26, ஞாயிறு

எங்களுக்குப் பழக்கமான லோயர் அக்கா ஒருத்தவங்க, காசு வாங்காம உதவி செய்றவங்க, அவங்களப் போய்ப் பாத்தேன். மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உக்காந்து ரெண்டு மணி நேரம். கேட்டதெல்லாம் மறக்குறதுக்குள்ள எழுதி வைக்கிறேன், வேற யாருக்காச்சும் உதவும்.

இங்க மலேசியாவுல உயில் எழுதாம செத்தா, முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 1958-ஆம் வருஷத்து பங்கீட்டுச் சட்டம்தான். புருஷன் பொண்டாட்டி பிள்ளைங்க இல்லன்னா அப்பா அம்மாவுக்கு, அவங்களும் இல்லன்னா கூடப்பொறந்தவங்களுக்கு. அதாவது பெரியம்மாவ பதினாறு வயசுல வீட்ட விட்டு அடிச்சுத் தொரத்துன அண்ணனுக்குத்தான் அவங்க பூ கட்டிச் சேத்த காசு போகும். சட்டத்துக்கு அவர்தான் குடும்பம், நாங்க யாரும் இல்ல.

உயில் எழுதினா கத வேற. 1959-ஆம் வருஷத்து உயில் சட்டப்படி 18 வயசு ஆகியிருக்கணும், புத்தி தெளிவா இருக்கணும், ரெண்டு சாட்சி ஒரே நேரத்துல ஒரே எடத்துல இருந்து நாம கையெழுத்துப் போடுறதப் பாக்கணும், அப்புறம் அவங்களும் போடணும். சாட்சிக்கு உயில்ல எதுவும் எழுதக் கூடாது, எழுதினா அந்தப் பங்கு செல்லாமப் போயிடும். பெரியம்மா எனக்குக் கம்மல் தர்றேன்னு சொன்னாங்க, அப்ப நான் சாட்சி போட முடியாது.

புடவ விஷயத்துக்கு லோயர் அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுதான் பதில் சொன்னாங்க. இந்தப் புடவையிலதான் எடுக்கணும்னு உயில்ல எழுதலாம், ஆனா சட்டம் அதக் கட்டாயப்படுத்தாது. எழுதினத நிறைவேத்துறதுக்கு ஒருத்தரப் பேர் சொல்லி நியமிச்சா, அவங்க முன்னாடி வந்து நின்னு பேசுறதுக்கு ஒரு காகிதம் கையில இருக்கும். "சும்மா நிக்கிறதுக்கும் காகிதத்தோட நிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு தம்பி"ன்னாங்க.

அக்டோபர் 27, திங்கள்

சூரசம்ஹாரம். பெரியம்மா ஆறு நாளும் சஷ்டி விரதம், பாலும் பழமுந்தான். சாயங்காலம் ஜாலான் ஸ்காட் கந்தசாமி கோயில் பக்கம் கூட்டம் தாங்கல, நான் அவங்கள ஒரு ஓரமா நிக்க வச்சுக் குடையப் பிடிச்சிட்டிருந்தேன். ஒரு சின்னப் பொண்ணு வந்து "பாட்டி, தண்ணி வேணுமா"ன்னு கேட்டுச்சு. அதுக்கு அவங்க முகம் இருந்த இருப்ப எழுதத் தெரியல.

நவம்பர் 2, ஞாயிறு

இன்னைக்கு என் சொந்த விஷயம். பெரியம்மாவுக்கு ஓடுறேன், எனக்கு என்ன காகிதம் இருக்கு? அவனும் நானும் ஏழு வருஷம். கிள்ளான்ல துறைமுகத்து வேலை அவனுக்கு, வாரக் கடைசியில வருவான். எனக்கு ரோட்டுல ஏதாச்சும் ஆச்சுன்னா ஆஸ்பத்திரியில அவன யாருன்னு கேப்பாங்க.

ரெண்டு பேரும் உக்காந்து ஃபைல் எல்லாம் பிரிச்சோம். கேடபிள்யூஎஸ்பி (தொழிலாளர் சேமநிதி) பரவால்ல, எனக்கு விருப்பப்பட்டவங்கள நியமிக்கலாம், அவன் பேரப் போடப் போறேன். இன்ஷூரன்ஸ்லதான் அதிர்ச்சி. 2013 நிதிச் சேவைச் சட்டத்துப்படி, நாம நியமிச்ச ஆளு புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க, இவங்க யாரும் இல்லாத பட்சத்துல அப்பா அம்மா, இவங்கள்ல ஒருத்தரா இருந்தாத்தான் அந்தக் காசு அவங்களுக்கே சொந்தம். மத்தவங்க பேரப் போட்டா காச வாங்கிப் பங்கு பிரிச்சுக் குடுக்குற நிறைவேத்துனர் மாதிரிதான். அஞ்சு வருஷமா அவன் பேருதான் அந்த பாலிசியில இருக்கு, அது அவனுக்கே போகும்னு நம்பிக்கிட்டு இருந்தேன். உயில்லயும் சேத்து எழுதினாத்தான் போய்ச் சேரும். இது நம்மள மாதிரி ஆளுங்க எத்தன பேருக்குத் தெரியும்? தயவுசெஞ்சு ஃபைல எடுத்துப் பாருங்க.

உயில்ல அவன என்னன்னு எழுதுறதுன்னு லோயர் அக்காவுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். ஒறவு எதுவும் எழுதத் தேவையில்ல, பேரும் ஐசி நம்பரும் போதும், வேணும்னா நண்பர்னு போடலாம், அதுக்கு மேல போடாத, பீனல் கோட் 377பி (எங்களக் குத்தவாளி ஆக்குற பிரிவு) இன்னும் இருக்கு, 20 வருஷம் வரைக்கும் ஜெயிலும் பிரம்படியும்னு பதில் வந்துச்சு. எங்கள பயமுறுத்த சொல்லல, பாதுகாப்புக்குச் சொன்னாங்க. ஆனா ஏழு வருஷத்த நண்பர்னு எழுதறப்ப கை நின்னு போச்சு. அவன்தான் "எழுது, எனக்குத் தெரியும்ல"ன்னான்.

பக்கத்துல தாய்லாந்துல இந்த ஜனவரி 23-லேர்ந்து ரெண்டு ஆம்பள ரெண்டு பொம்பள பதிவு பண்ணிக்கலாம், சொத்து, தத்து, ஆஸ்பத்திரிக் கையெழுத்து எல்லாம் மத்த தம்பதிங்களுக்கு இருக்குற மாதிரியே. எல்லையில பாடாங் பெசார் தாண்டுனா வேற சட்டம்.

நவம்பர் 8, சனி

கூட்டம். பதினோரு பேரு, ஒரு அக்கா வீட்டு ஹால்ல. போஸ்டர் கெடையாது, வாட்ஸாப்ல ஆள் ஆளா சொல்லித்தான் கூப்ட்டோம். 2008-லேர்ந்து கேஎல்ல செக்ஷுவாலிட்டி மெர்டேக்கான்னு எங்காளுங்க உரிமைக்காக ஒரு விழா நடந்துச்சு, பேச்சு, நாடகம், ஓவியம் எல்லாம் வச்சு, 2011 நவம்பர்ல போலீஸ் தடை பண்ணிட்டாங்க. அப்ப நான் காலேஜ் பையன், பேப்பர்ல பாத்துட்டு பேப்பர மடிச்சு ஒளிச்சு வச்சேன்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரே நோக்கம், இந்தக் காகிதமெல்லாம் எப்படின்னு தமிழ்ல சொல்றது. மலாய்லயும் இங்கிலீஷ்லயும் சொல்றதுக்கு ஆளுங்க இருக்காங்க, சௌகிட்ல பிடி ஃபவுண்டேஷன் 1987-லேர்ந்து இருக்கு, ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸ் இருக்காங்க, நல்ல வேல செய்றாங்க. ஆனா பெரியம்மா மாதிரி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில மூணாவது வரைக்கும் படிச்சவங்களுக்கு அது போய்ச் சேர மாட்டேங்குது.

வார்த்தையிலயே முட்டிக்கிட்டோம். எங்களுக்கு சின்ன வயசுலேர்ந்து காதுல விழுந்த தமிழ் வார்த்த "ஒம்போது", அப்புறம் இன்னும் நாலு கெட்ட வார்த்த, அவ்ளோதான். திருநங்கைன்ற வார்த்தைய எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. திருநம்பின்ற வார்த்தைய (பொண்ணுன்னு சொல்லி வளத்தாலும் தான் ஆம்பளன்னு வாழ்றவர்) ஒரு தம்பி சொல்லிக் குடுத்தான், தான் அதுதான்னு முத தடவையா ஒரு கூட்டத்துல சொன்னான், குரல் நடுங்குச்சு, பெரியம்மா எழுந்து போய்ப் பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. ஆம்பளைக்கு ஆம்பள மேல, பொம்பளைக்குப் பொம்பள மேல வர்ற ஈர்ப்ப தன்பாலீர்ப்புன்னு சொன்னதுக்கு ஒரு அண்ணன் "வாயில நொழையலடா"ன்னாரு, மூணு தடவ சொல்லிப் பாத்துட்டு "சரி, திட்டு மாதிரி இல்ல"ன்னாரு.

நான் சென்னை உயர் நீதிமன்றத்துக் கதையச் சொன்னேன். 2021-ல மதுரையிலேர்ந்து ஓடி வந்த ரெண்டு பொண்ணுங்க பாதுகாப்புக் கேட்டுப் போன கேஸ். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதப் பத்தித் தனக்கு சரியாத் தெரியலன்னு வெளிப்படையாச் சொல்லி, ஒரு மனநல நிபுணர்கிட்ட போய் உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் தீர்ப்பு எழுதினாரு. ஆள மாத்துறேன்னு பண்ற "வைத்தியத்த"த் தடை பண்ணச் சொன்னாரு. அந்த வழக்கு தொடர்ந்ததுலதான், எங்கள என்ன வார்த்த சொல்லிக் குறிப்பிடணும்னு தமிழ்நாடு அரசு ஒரு சொல் பட்டியலே 2022-ல வெளியிட்டுச்சு.

இந்த வருஷம் மே 22-ஆம் தேதி அதே நீதிமன்றத்துல இன்னொண்ணு. வீட்ல அடைச்சு வச்சிருந்த ஒரு பொண்ண அவளோட துணை மீட்டெடுக்கக் கேட்ட கேஸ், ரெண்டு நீதிபதிங்க அந்தப் பொண்ணு விருப்பப்படி போகலாம்னுட்டாங்க. அதோட கல்யாணம் மட்டுந்தான் குடும்பத்துக்கு வழின்னு இல்ல, தேர்ந்தெடுத்துக்கிட்ட குடும்பமும் குடும்பந்தான்ற மாதிரி எழுதினாங்க. இதச் சொன்னதும் ஹால்ல யாரும் பேசல. பெரியம்மா மட்டும் "இன்னொரு தடவ சொல்லு"ன்னாங்க. சொன்னேன்.

அந்தத் தீர்ப்பு இங்க செல்லாது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த 377-உம் அங்கேர்ந்து வந்ததுதானே. வெள்ளக்காரன் 1860-ல இந்தியாவுக்கு எழுதின பீனல் கோட்ட வச்சுத்தான் 1871-ல பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கும் எழுதினான். எங்க பாட்டன் பூட்டன் கப்பல்ல வந்த அதே வழியில சட்டமும் வந்துருக்கு. அங்க 2018 செப்டம்பர் 6-ல உச்ச நீதிமன்றம் அதுல எங்களக் குத்தவாளி ஆக்குற பாகத்த எடுத்துருச்சு, சிங்கப்பூர் தன்னோட 377ஏவ 2023 ஜனவரியில நீக்கிருச்சு. இங்க மட்டும் அது உக்காந்துருக்கு. தீர்ப்பும் அதே வழியில வரட்டும்னு கேக்குறேன், அதுல என்ன தப்பு?

நவம்பர் 12, புதன்

ஆபீஸ்ல லீவு போட்டு கேடபிள்யூஎஸ்பி போனேன். நியமனம் முடிஞ்சது. கவுண்டர்ல இருந்த அக்கா ஒறவு என்னன்னு கேட்டாங்க, நண்பர்னேன், தலைய நிமித்தாம டைப் பண்ணிட்டாங்க. இருவது நிமிஷம்.

நவம்பர் 15, சனி

பெரியம்மாவுக்குக் காய்ச்சல். கஞ்சி வச்சுக் குடுத்துட்டுப் பக்கத்துல இருந்தேன். தூக்கம் வராம பழைய கத பேசுனாங்க. எண்பதுகள்ல ராத்திரி பஸ்ஸுக்கு நின்னவங்கள புடவ கட்டுனதுக்குப் பிடிச்சுட்டுப் போயி, ஒழுங்கில்லாத நடத்தைன்னு சிறு குற்றச் சட்டத்துல 25 வெள்ளி அபராதம் போட்டாங்களாம். அப்ப ஒரு முழம் மல்லிய என்ன வெலைக்கு வித்தேன்னு கணக்குச் சொன்னாங்க, எத்தன முழம் கட்டி அந்த 25 வெள்ளியச் சேத்தேன்னும் சொன்னாங்க. அபராதம் கட்டிட்டு வெளிய வந்து அதே புடவையிலதான் வீட்டுக்கு நடந்தேன்னாங்க. அந்தப் புடவதான் மயில்கழுத்தான்னு கேட்டேன். இல்லையாம், இது பின்னாடி தானே சம்பாரிச்சு மஸ்ஜிட் இந்தியாவுல வாங்குனது.

நவம்பர் 20, வியாழன்

திருநர் நினைவு நாள். 1998-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ரீட்டா ஹெஸ்டர்னு ஒரு கறுப்பினத் திருநங்கைய வீட்டுக்குள்ளயே கொன்னாங்க, அவங்களுக்காக அடுத்த வருஷம் ஆரம்பிச்சது, இன்னைக்கு உலகம் பூரா நடக்குது. நாங்க மெழுகுவத்தி ஏத்தல, கார்த்திகை பொறந்துருக்கு, அதனால பெரியம்மா அகல் விளக்குதான் வேணும்னாங்க. பதினாலு அகல். ஒவ்வொண்ணு ஏத்தும்போதும் ஒரு பேரு. ஐசி பேரு இல்ல, அவங்களே வச்சுக்கிட்ட பேரு.

போன வருஷத்து அக்கா பேர பெரியம்மா சொன்னாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னப்போ ஒருத்தராலயும் சத்தமா சொல்ல முடியாத பேரு. மூணு தடவ சொன்னாங்க, நாங்களும் கூடச் சொன்னோம். சன்னல் தெறந்துதான் இருந்துச்சு. யாரும் போய்ச் சாத்தல.

வீட்டுக்கு வந்தா அம்மா முழிச்சிருந்தாங்க. எங்க போனேன்னு இன்னைக்குக் கேட்டாங்க. செத்துப் போன ஒரு அக்காவுக்கு வெளக்கு ஏத்தப் போனேம்மா, அவங்க திருநங்கைன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "எண்ணெ போதுமான அளவு ஊத்துனீங்களா"ன்னாங்க. ஊத்துனோம்மான்னேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கையெழுத்து. லோயர் அக்கா ரெண்டு மணிக்கு வந்தாங்க. சாட்சிக்கு அவங்க கூட வேல செய்றவங்க ஒருத்தவங்க, இன்னொருத்தர் கீழ் மாடியில இருக்குற சீன அங்கிள், முப்பது வருஷமா பெரியம்மாவுக்குப் பக்கத்து ஆளு, தமிழ்லயே "அக்கா"ன்னுதான் கூப்பிடுவாரு. நல்ல சட்ட போட்டு, தல சீவி, பேனாவும் சொந்தமா கொண்டாந்திருந்தாரு.

லோயர் அக்கா ஒவ்வொரு வரியா தமிழ்ல வாசிச்சுச் சொன்னாங்க. காசு யாருக்கு, கம்மல் யாருக்கு, நிறைவேத்துனர் நான், புடவ. புடவையோட கலர் வரைக்கும் எழுதியிருந்தாங்க. பேருன்னு வந்தப்ப பெரியம்மா தயங்குனாங்க. "ஐசியில உள்ளதத்தானே போடணும்?"

"அதுவும் இருக்கு பெரியம்மா. இங்க பாருங்க, ஐசி பேருக்குப் பின்னால 'என்கிற'ன்னு போட்டு உங்க பேரையும் அடிச்சிருக்கேன். இப்படிப் போடலாம், செல்லும்."

எந்த எடத்துலன்னு கேட்டாங்க. நான் வெரல வச்சுக் காட்டினேன். கண்ணாடியப் போட்டு, ஒவ்வொரு எழுத்தா கூட்டி வாசிச்சாங்க, அச்சுல தன் பேர இப்பத்தான் பாக்குறாங்க. அப்புறம் கையெழுத்துப் போட்டாங்க. அங்கிள் போட்டாரு. இன்னொரு சாட்சியும் போட்டாங்க.

நாலு மணிக்குக் கல்யாண மாலை ஆர்டர் இருக்காம். ரோஜாவ ஐஸ்லேர்ந்து எடுடான்னாங்க, எடுத்துக் குடுத்தேன், எல்லாரையும் கோப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்னுட்டு நார எடுத்துக் கட்ட உக்காந்துட்டாங்க.