ரிமார்க்ஸ் கட்டத்துல எழுதுனது

பவானிசாகர் டேம்ல ஒரு மீன்வள ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு வருஷம் ஃபீல்டு அசிஸ்டென்ட்டா இருந்தேன், கோபியிலிருந்து வெடியால மொத பஸ்ஸப் புடிச்சாத்தான் பரிசல் கரைக்கு வர்ற நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். எந்த மீனு, எத்தன கிலோ, வலைக்கண்ணு எவ்வளவு, இதான் வேலை. ஃபார்முல கடைசியா ரிமார்க்ஸ்னு ஒரு துளியூண்டு கட்டம், மொத ஆறு மாசம் அதுல கோடுதான் இழுத்துட்டிருந்தேன்.

அங்க ஒரு இருளர் பெரியவரு. ஆடிக்கு முன்னால மேக்க மழை புடிச்சு, டேமுக்கு வந்து சேர்ற மாயாத்துல செந்தண்ணி வந்துச்சு, இன்னிக்கு செம மீனுன்னு நான் நோட்டோட நின்னா மனுசன் வலைய மடிச்சு வெச்சுட்டு பீடி குடிச்சுட்டிருக்காரு. ஏனுங்கய்யா போகலீங்களான்னேன். "புதுத்தண்ணிக்கு சினையோட மேல ஏறுதுங்க அம்மிணி, ஆறு சேர்ற எடத்துல இப்ப வலை கட்டுனா அடுத்த வருசம் எதப் புடிக்கறது?"

கட்லா, ரோகு எல்லாம் ஆத்து வெள்ளத்துலதான் முட்டை போடும்னு படிச்சு பாஸானவதான் நானும். ஆனா எந்த எடம், எந்த நாளுன்னு புக்ல இல்லியே. கெழக்குக் கடல்ல ஏப்ரல் 15 லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை, அது காலண்டர் பாத்துப் போடறது, இவரு தண்ணி நெறத்தப் பாத்துப் போட்டுக்கறாரு. பாரம்பரியம்னா ஆயிரம் வருசம்னு நெனைப்போம், இந்த டேம் கட்டி முடிச்சதே 1955லதான், ஆத்துல தெரிஞ்சுக்கிட்டத இவங்க டேமுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கிட்டாங்க.

டேம்ல மீன் குஞ்சு விடற நாளு, குஞ்சுப் பைகளோட உச்சி வெயில்ல லாரி வந்துச்சு. "சுவரோரம் விட்டா வாளை தின்னுருமுங்க, புல்லு முங்கின பக்கம் விடுங்க, பையச் சித்த நேரம் தண்ணியில மெதக்க விடுங்க" ன்னாரு. பைத்தண்ணியும் டேம் தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரணும்ல, பை மேட்டரு எங்க மேனுவல்லயே இருக்கு! நேரமாச்சுன்னு அவுத்துக் கொட்டிட்டோம், நானுந்தான். அடுத்த நாளு கொஞ்சம் குஞ்சு செத்து வெள்ளையா மெதந்துச்சு.

அவரு சொல்றதெல்லாம் வேதம்னு சொல்ல வரலீங்க, அமாவாசைக் கணக்கு ஒன்னு சொல்லுவாரு, என்ற டேட்டாவுல அது ஒட்டவே இல்ல. ஆனா எழுதி வெச்சதாலதான ஒட்டலைன்னே தெரிஞ்சுது. காட்டுல இருக்கறவங்களுக்கு மீன் மேல சமூக உரிமை உண்டுன்னு 2006 வன உரிமைச் சட்டத்துலயே இருக்கு, அவங்களுக்குத் தெரிஞ்சத எழுதத்தான் ஃபார்முல எடமில்ல. நான் பின்பக்கமெல்லாம் எழுதுனேன், ஃபைனல் ரிப்போர்ட்டுல டேபிள் மட்டும் வந்துச்சு.

கடைசி நாளு, உங்களுக்கப்பறம் இதெல்லாம் ஆருங்க பாப்பாங்கன்னு கேட்டேன். பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கானாம். "அவனுக்கு நீச்சலே தெரியாதுங்க அம்மிணி" ன்னு சிரிச்சாரு.